பரிவட்டம் வாசலுக்கு வந்த வருசம்

எங்க வூட்டுக்காரர் சண்டை முடிஞ்ச பொறவுதான் ஜப்பானுக்குப் போனாரு. சுடறதுக்கு இல்லீங்க, குப்பை அள்ள. ஒரே குண்டுல ஒரு ஊரே எரிஞ்சு போச்சாம். அந்த இடிபாட்டை அள்ளி லாரியில போடற பட்டாளத்து வேலை. "சாம்பல்லயே நடந்தோம், அங்கயே சோறு தின்னோம், அந்த ஊருத் தண்ணியத்தான் குடிச்சோம்"னு ஒருக்கா சொன்னாரு. அதுக்கு மேல கேட்டா, "களி ஆறுது, போடு புள்ள"ம்பாரு. அவரு வாயிலருந்து வார்த்தைய வாங்கறதும் கல்லுல நார் உரிக்கறதும் ஒண்ணு.

தீர்த்தமலைப் பக்கம் எங்க ஊருல கடல் தாண்டுன ஆளு அவரு ஒருத்தருதான். கண்ட தேசத்துல தின்னவன்னு மொதல்ல மூஞ்சியச் சுளிச்சாங்க. வெள்ளைக்காரன் போயி நம்ம கொடி ஏறுன பொறவு மனசு மாறிப்போச்சு. மாரியம்மன் பண்டிகையில பட்டாளத்தானுக்குத்தான் பரிவட்டம்னு ஊர்க்கவுண்டர் சொல்லிட்டாரு. கோயில் துணிய தலையில கட்டி மொத மரியாதை பண்றது. எங்க வகையறாவுல யாருக்கும் அது கெடைச்சதில்லை.

அதுக்குள்ள மனுசன் இளைச்சுட்டாரு. ஏர் புடிச்சா மூச்சு வாங்கும். பல்லு வெளக்குனா ஈறுல ரத்தம் நிக்காது. சும்மா கதவுல இடிச்சாலும் கருநீலமாக் கன்னிப்போயிடும். பண்டிகைக்குக் காப்பு கட்டுன மறுநாள் காய்ச்சல், ஒடம்பெல்லாம் செவப்புப் புள்ளி.

பூசாரி வந்து எட்டிப் பாத்தாரு. "ஆத்தா வந்துட்டா"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான். வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு. தாளிக்கக் கூடாது, வெளியாள் உள்ள வரக் கூடாது, மருந்துன்னு வாயத் தொறக்கவே கூடாது. அம்மைக்கு வைத்தியம் பாத்தா ஆத்தாளுக்குக் கோவம் வருமாம்.

எனக்கு நம்பிக்கை வரலை. நானும் அம்மை பாத்தவதான். அம்மைன்னா முத்து எழும்பும், தண்ணி கோக்கும். இது தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்ச மாதிரி தட்டையாக் கெடந்துச்சு. எங்கண்ணன் கூண்டு வண்டி வெச்சிருந்தாரு. "தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாங்கண்ணா"ன்னு கெஞ்சுனேன். அண்ணன் ஊர்க்கவுண்டர் மூஞ்சியப் பாத்தாரு. ஊர்க்கவுண்டர் தெருவுல நின்னே சத்தம் போட்டாரு: "ஆத்தா வந்த ஒடம்பை எல்லை தாண்ட வுட்டா ஊருக்கு ஆவுமா புள்ளே? நாளைக்கு ஊரையே வாரிக்கிட்டுப் போனா நீ பதில் சொல்லுவியா?"

"இவரு போயிட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா?"ன்னேன். பொம்பளைக்கு இவ்வளவு வாயான்னு சிரிச்சாங்க. வண்டி நின்ன எடத்துலயே நின்னுச்சு.

உள்ள போயி எங்க வூட்டுக்காரருகிட்டயே கேட்டேன். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா வண்டி கட்டிருவாங்க, சொல்லுங்க."

"வுடு புள்ள. ஊரே கும்புடுது"ன்னாரு. அந்த மூஞ்சியில அவ்வளவு சந்தோசம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

அம்மை கண்டவரு கோயிலுக்கு வரக் கூடாதுன்னு பண்டிகையன்னிக்கு பரிவட்டமே எங்க வாசலுக்கு வந்துச்சு. பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கிட்டு சுவத்தைப் புடிச்சு நின்னாரு. பூசாரி துணியக் கட்டறப்ப மூக்குலருந்து ரத்தம் கொட்டுச்சு. புடிச்சு உக்கார வெக்க வேணாமா? பம்பையை இன்னும் ஓங்கி அடிச்சாங்க. அவரு காலுல மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்புட்டாங்க.

அம்மை எறங்குனாத்தான் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க, அதுக்குள்ள போயிட்டாரு.

அம்மையில போனவங்களுக்கு அழக் கூடாதுங்க. ஆத்தாளே கூட்டிக்கிட்டுப் போயிட்டா, ஒப்பாரி வெச்சா அவளுக்கு ஆவாது. நான் எங்க அழுதுடுவேனோன்னு பொம்பளைங்க என் வாயப் பாத்துக்கிட்டே சுத்தி உக்காந்திருந்தாங்க. அவங்க பயப்படவே வேண்டியதில்லை. எனக்கு ஒண்ணுமே வரலை. அடுப்பைப் பத்த வெச்சேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன். கை கால் அதும்பாட்டுக்கு வேலை செஞ்சுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு கம்பைநல்லூர்லருந்து ஒருத்தரு வந்தாரு. ஜப்பான்ல இவரோட சேந்து குப்பை அள்ளுனவரு. சேதி தெரியாம, இவரைப் பாக்கத்தான் வந்தாரு. நடந்ததையெல்லாம் சொன்னேன். சட்டைக் கையை மேல ஏத்திக் காட்டுனாரு. அதே செவப்புப் புள்ளி.

"பெங்களூருல பட்டாளத்து ஆஸ்பத்திரியில காட்டுனேம்மா. ரத்தம் கெட்டிருக்குன்னாங்க. ஏன்னு கேட்டா அவங்களுக்கும் தெரியலை. ஆனா அம்மை இல்லைன்னு மட்டும் அடிச்சுச் சொன்னாங்க."

"அப்ப நான் அழுவலாங்களா அண்ணா?"ன்னு கேட்டேன்.

"அழும்மா"ன்னு சொல்லிட்டு அவருதான் அழுதாரு. நான் எந்திரிச்சுப் போயி அவருக்குத் தண்ணி மொண்டு கொண்டாந்து குடுத்தேன்.