கேசரிக்கு ஒரு காரணம்

முதல் வருடம் மூன்று பாடங்களில் விழுந்தேன். படிக்காமல் விழுந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். கண் எரியப் படித்துவிட்டு விழுந்தேன். வேறெங்காவது ஒரு வருடம் நல்ல புள்ளி எடுத்துக் காட்டினால் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நகரத்துக்கு அப்பால், மனுகா என்ற இடத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன்.

அம்மா அதை வெளியே விடவில்லை. எனக்கு முதன்முதலில் இடம் கிடைத்தபோது கோயிலில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தார்.

"ஆரும் கேட்டால் யூனியிலதான் படிக்கிறன் எண்டு சொல்லு" என்றார். "ஒரு வருசம்தானே பிள்ளை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன்.

மனுகாவுக்குப் போக எங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனான நியூ லின்னில் ஏறி, நகரத்தில் ரயில் மாற வேண்டும். ஒரு காலை, கோயிலில் தெரிந்த அன்ரி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நகரத்தில் வங்கி வேலை.

"யூனிக்கே பிள்ளை?"

"ஓம் அன்ரி."

"அப்ப வா, கதைச்சுக்கொண்டு சேர்ந்து நடப்பம்."

அன்று எனக்கு மனுகாவில் வேதியியல் பரீட்சை. வாயைத் திறந்து சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. நகரத்தில் இறங்கி, பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஏற்றம் முழுக்க அவரோடு நடந்தேன். வங்கி வாசலில் அவர் கையசைத்ததும், என்னை வெளியே அனுப்பிய பல்கலைக்கழகத்தின் பக்கமாகப் பத்தடி நடந்து காட்டிவிட்டு, திரும்பி ஸ்டேஷனுக்கு ஓடினேன். பரீட்சை தொடங்கி நாற்பது நிமிடம் கழித்துப் போய் உட்கார்ந்தேன். கடைசிக் கேள்வியைத் தொடவே முடியவில்லை.

அந்த ஒரு பாடம் என் சராசரியைப் பல்கலைக்கழகம் கேட்ட புள்ளியின் விளிம்புக்கு இழுத்துவிட்டது. விண்ணப்பித்த பிறகு வந்த வாரங்களில் நான் மனிதப் பிறவியாகவே இல்லை. பல் துலக்கும்போதும் ஃபோன், சோறு தின்னும்போதும் ஃபோன். புள்ளிகளைக் கூட்டி வகுப்பேன், விடை பிடிக்காவிட்டால் மறுபடி கூட்டுவேன். ஒரு பொய்யைக் காப்பாற்றப் போய் உண்மையான இடத்தையே தொலைத்துவிட்டேனோ என்ற நினைப்பு என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரவை வறுக்கத் தொடங்கினார். பெரிய சட்டி நிறையக் கேசரி.

காரில் கோயிலுக்குப் போகும்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு வருடமாக அங்கேயே படித்துக்கொண்டிருப்பவளுக்கு இப்போது எதற்குக் கேசரி?

"பிறந்தநாள் எண்டு சொல்லுவம்" என்றார்.

என் பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

பூசை முடிந்து கேசரி கொடுக்கும்போது, வரிசையில் முதல் ஆளாக அதே அன்ரி நின்றார். "பிறந்தநாளே? நல்லா இரு பிள்ளை! இனிக் கடைசி வருசம் என்ன?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"பிறந்தநாள் இல்லை அன்ரி. நான் முதல் வருசம் பெயில். போன வருசம் முழுக்க மனுகாவிலதான் படிச்சனான். இண்டைக்குத்தான் யூனியில திரும்ப எடுத்தவை."

சொல்லி முடித்ததும், ஒரு வருடத்துக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு விட்டதுபோல இருந்தது. அன்ரி அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகம் கறுத்துப்போய்விட்டது. வீட்டுக்குப் போனதும் இருக்கிறது எனக்கு என்று நினைத்தேன்.

பின்னால் நின்றவருக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. கையை நீட்டி, "என்ன விசேசம்?" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

"மகளுக்கு யூனியில இடம் கிடைச்சிருக்கு" என்றார். ஒரு கரண்டி கேசரி போட்டார். "முதல் பெயில் விட்டவள். திரும்பப் படிச்சு எடுத்தவள்."

சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி போட்டார்.