வால்மீன் நிர்மலாவும் வழிப்போக்கனும்

கச்சிராயபாளையத்தில், அணைக் கால்வாயை ஒட்டிய தெருவின் கடைசி வீடு நிர்மலாவுடையது. அப்பா இறந்த பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, அம்மா ஆண்டாளுக்குத் துணையாக வீட்டோடு இருக்கும் இருபத்தொன்பது வயதுப் பெண். தெரு அவளைப் பற்றி அறிந்தது அவ்வளவுதான். மத்தியானம் மூன்று மணிக்குமேல் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்பது பதினோராயிரம் பேருக்குத் தெரியும். ஆனால் அவர்களில் யாருக்கும் அவள் முகமோ பெயரோ தெரியாது. அவர்களுக்கு அவள் ‘வால்மீன் அக்கா’.

அவள் ஆடிக்காட்டி, குரல் கொடுத்து வீடியோவாகப் போட்டது ஒரு விண்வெளிக் கம்ப்யூட்டர் விளையாட்டு. முடிவே இல்லாத வானம், எண்ணி முடியாத கிரகங்கள். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே மூச்சு முட்டிச் செத்துவிட்டு, ஒன்றும் புரியவில்லை என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்காகத்தான் நிர்மலா பேசினாள்.

“இறங்குனதும் ஊரு சுத்தக் கிளம்பிடாதீங்க. உங்க கப்பல் ஒடஞ்சி கெடக்குது, மொதல்ல அத சரி பண்ணுங்க. ஆக்சிஜன் பாதிக்குக் கீழ போச்சின்னா இன்னா வேலையா இருந்தாலும் வுட்டுட்டுத் திரும்பிடுங்க. புயல் வந்தா குகையில பூந்துக்குங்க. கண்ணுல பட்ட செடி, கல்லு, மிருகம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிக்குங்க. காவல் எந்திரத்த மட்டும் மொதல்ல சுடாதீங்க, ஒண்ணச் சுட்டா நாலு வரும். வூடு கட்டறதா இருந்தா, மொதல்ல ஒரு நாள் அந்த எடத்துல சும்மா நின்னு பாருங்க.”

அந்த வானத்தில் அவளும் ஒரு வீடு கட்டியிருந்தாள். அந்தக் கிரகத்தின் தொடுவானத்தில் நீளமாக ஒரு மலை கிடந்தது. அவள் அறை ஜன்னலிலிருந்து கல்வராயன் மலை தெரிகிற மாதிரியே இருந்ததால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்று அந்த விளையாட்டு வீட்டின் முகவரியைப் பொதுவில் போட்டும் வைத்தாள்.

சித்திரையில் ‘வழிப்போக்கன்’ என்ற பெயரில் ஒருவன் வந்தான். எல்லாப் புதியவர்களையும் போலத்தான் கேட்டான். எரிபொருள் எங்கே கிடைக்கும், கப்பலை எப்படி இறக்குவது, சுவரைத் திருப்பி வைக்க எந்தப் பொத்தான். நிர்மலா பொறுமையாகப் பதில் எழுதினாள். அவன் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டதில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்தான். அந்தக் கிரகத்தில் ஒரு நாள் முழுக்க அவள் வீட்டுக்கு எதிரே சும்மா நின்றான். மறுநாள் அங்கேயே கட்ட ஆரம்பித்தான்.

முதலில் ஒரு சுவர், பிறகு தட்டைக் கூரை. நிர்மலா கவனிக்கவில்லை. புரட்டாசியில், கூரைக்கு மேலே ஒரு கறுப்பு உருளையை அவன் தூக்கி நிறுத்திய அன்றுதான் அவள் கை மௌஸின் மேல் அப்படியே நின்றது. நிஜத்தில் அவர்கள் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அது. இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பது உட்பட அதேதான்.

அவள் தன் விளையாட்டு மனிதனை நடத்திக்கொண்டு அந்த வீட்டைச் சுற்றி வந்தாள். மோட்டார் கொட்டகை, துணி துவைக்கிற கல், கொய்யா மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கிரகத்து நீலச்செடி. பின்பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு மேசை. மேசைக்கு முன்னால் நாற்காலியில் விண்வெளி உடை போட்ட ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது.

அவள் திரும்பித் தன் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கரும்பு. கொல்லையை ஒட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே, காற்றில் சரசரத்துக்கொண்டு நின்றது. வேறு எதுவும் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். சொன்னால் முதலில் கம்ப்யூட்டர்தான் போகும். பிறகு இன்டர்நெட் போகும். பிறகு, பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று தெருவே வந்து உட்காரும். ஆகவே தனியாகவே ஒரு சோதனை செய்தாள். மேசையை எதிர்ச்சுவருக்கு நகர்த்திப் போட்டாள். வீடியோவில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது, வழிப்போக்கன் கட்டிய வீட்டிலும் மேசை எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. பொம்மையும் கூடவே போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே இப்போது இன்னொரு பொம்மை நின்றது. வாசலில் ஒரு பலகை: “அங்கே காற்று நன்றாக வருகிறதா?”

அன்றிலிருந்து நிர்மலா ஜன்னலைத் திறக்கவில்லை. ஐப்பசிப் புழுக்கத்திலும் மூடியே கிடந்தது. குரல் கம்மிவிட்டது என்று பொய் சொல்லி வீடியோ போடுவதையும் நிறுத்தினாள். அக்கா எங்கே என்று கேட்டவர்களில் வழிப்போக்கனும் ஒருவன். “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சுக்குக் கஷாயம் குடியுங்கள்” என்று எழுதினான். அதற்கு முந்தைய நாள்தான் அம்மாவும் அந்தப் பொய்யை நம்பி அவளுக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தாள்.

இந்த நாட்களிலெல்லாம் வீட்டுக்குத் தவறாமல் வந்து போனவன் அத்தை மகன் அரங்கநாதன். இரண்டு தெரு தள்ளி வீடு. முப்பத்தாறு வயது. அப்பா போன பிறகு நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவன்தான், வீட்டுக்குப் பின்னால் கரும்பு வைத்ததும் அவன்தான். நிர்மலாவைக் கட்டிக்கொடுக்கும் பேச்சு மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது. அவள் வேண்டாம் என்றாள். அவன் கோபப்படவில்லை. அதன் பிறகும் அதே மரியாதையோடு வந்தான், அம்மா போட்ட சோற்றைத் தின்றான், மோட்டார் கெட்டால் ஆள் கூட்டி வந்தான். இந்தப் பயத்தில் ஒரு தடவை அவனிடமே சொல்லிவிடலாமா என்றுகூட நிர்மலா நினைத்தாள்.

“மாமா, இந்த கேமெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?” என்று மேலோட்டமாகக் கேட்டுப் பார்த்தாள்.

“எனக்கு இன்னாம்மா தெரியும், போன எடுத்து பேசத்தான் தெரியும்” என்று சிரித்தான்.

தையில் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. விடிந்ததும் ஆட்கள் இறங்கினார்கள். பதினோரு மணி இருக்கும். வெட்டிக்கொண்டிருந்த சாலம்மாள், குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோலக் கொல்லையின் படல் கதவுக்கு வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், பல வருஷமாக இவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்கிறவள்.

“பாப்பா, செத்த வந்து பாக்கறியா. அம்மாவ கூப்புடாத.”

ஜன்னலுக்கு நேராக, கரும்புக்குள் பத்தடி தள்ளி, ஒரு ஆள் உட்காருமளவுக்கு வட்டமாக இடம் இருந்தது. காய்ந்த கரும்பு இலையான சோகையை மெத்தைபோலப் பரப்பி, அதன்மேல் உரச்சாக்கை மடித்துப் போட்டிருந்தது. சுற்றிலும் மிக்சர் பாக்கெட்டுகள். சாக்கிலிருந்து பார்த்தால் ஜன்னல் தெரிகிற மாதிரி, நடுவிலிருந்த சோகையை மட்டும் யாரோ வரிசையாக உரித்து எடுத்திருந்தார்கள்.

சாலம்மாள் குனிந்து ஒரு அடிக்கட்டையைக் காட்டினாள். “இது நாங்க இன்னைக்கி வெட்டுனது இல்ல. கருத்துப் போயி கெடக்கு பாரு. அஞ்சாறு மாசம் ஆயிருக்கும்.”

“யாரு சாலம்மாக்கா?”

அவள் சாலைப்பக்கம் பார்த்தாள். அங்கே அரங்கநாதன் டிராக்டர்காரனோடு பேசிக்கொண்டிருந்தான்.

“பக்கத்துக் கழனில களை எடுக்கறப்ப மூணு தபா பாத்தேன். தண்ணி பாக்க வராருனு நெனச்சிக்கினேன். தண்ணி பாக்க வரவரு கையில மம்புட்டி இருக்கும். அவரு கையில போனுதான் இருந்திச்சி.” கொஞ்சம் நின்று சொன்னாள்: “எம்பேரு வெளில வரக்கூடாது பாப்பா. அவருதான் எங்களுக்கு வேல சொல்றவரு.”

நிர்மலா தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே போய் முகம் கழுவினாள். போனை எடுத்துவந்து கரும்புக்குள் இருந்த சாக்கைப் படம் எடுத்துக்கொண்டாள். அம்மாவிடம் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. அதற்குள் மத்தியானச் சோற்றுக்கு அவன் வந்துவிட்டான். கூடத்தில் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். நிர்மலா பின்னறைக் கதவை அகலத் திறந்தாள். கூடத்திலிருந்து திரை நேராகத் தெரியும். அதில் வழிப்போக்கன் கட்டிய வீடு இருந்தது.

“மாமா, இது யாரு வூடுனு பாருங்க.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். திடுக்கிடுவான், மழுப்புவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினான்.

“ஜன்னலுக்கு அஞ்சி கம்பி. நான் நாலுதான் வச்சிருக்கேன். இன்னும் சரி பண்ணணும்” என்றான்.

அடுப்படி வாசலில் ரசச்சட்டியோடு அம்மா நின்றுவிட்டாள்.

“கரும்புக்குள்ள குந்திக்கினு என்னைப் பாத்துக்கினு இருந்தது நீங்களா?”

“பத்திரமா இருக்கியானு பாத்தேன். வேற இன்னா பண்ணேன்? ஒரு வார்த்த தப்பா பேசியிருக்கேனா? எனக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் நீதான சொல்லிக்குடுத்த.” குரல் உயரவே இல்லை. “ஒரு நாள் நின்னு பாத்துட்டு கட்டுங்கன்னு நீதான் சொன்ன. நான் மாசக்கணக்குல பாத்துட்டேன்.”

ஆண்டாள் ரசச்சட்டியைக் கீழே வைத்தாள். கணவன் வழி உறவில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நிர்மலா அதுவரை கேட்டதில்லை.

“தம்பி, கைய கழுவிக்கினு எழுந்திரு” என்றாள்.

“அத்த, நான்…”

“எழுந்திருப்பா. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத.”

அவன் எழுந்தான். கை கழுவினான். தட்டைக்கூட எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலமே அவன் அம்மாவான அத்தை வந்தாள். புள்ள பாசத்தில் பார்த்ததைப் பெரிசு பண்ணலாமா என்றாள், ஊருக்குத் தெரிந்தால் யாருக்கு அசிங்கம் என்றாள். மறுநாள் காலை ஆண்டாள் மகளைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். மகளிர் காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி, நிர்மலா எடுத்துவைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேசை இருந்த இடம், நகர்ந்த இடம், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பொம்மை. கரும்புக்குள் இருந்த சாக்கின் படத்தில் வெகுநேரம் நின்றாள். பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டதற்கு, சோகைக்குள் தானே போய்ப் பார்த்ததாக மட்டும் நிர்மலா சொன்னாள். சாலம்மாள் பெயரைச் சொல்லவில்லை.

அரங்கநாதனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். செய்ததை மறைக்கவில்லை, ஆனால் அது தப்பு என்றும் அவன் சொல்லவில்லை. இனிமேல் அந்தப் பக்கம் போவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எதிலும் பிழையில்லாத, அழகான கையெழுத்து. அந்தப் பெண் அதிகாரி தாளை மடித்துக்கொண்டே, “எதுனா ஒண்ணு மாறுனாலும் ஒடனே போன் பண்ணு, யோசிக்காத” என்று நிர்மலாவிடம் சொன்னாள்.

நிலத்தை ஆண்டாள் வேறு ஆளுக்குக் குத்தகைக்கு விட்டாள், கரும்பு வைக்கக்கூடாது என்ற பேச்சோடு. நிர்மலா பொதுவில் இருந்த தன் முகவரியை எடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடியும் பேச ஆரம்பித்தாள். புதியவர்களுக்கு அவள் இப்போது முதலில் சொல்வது கப்பலைப் பற்றி அல்ல. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை யார் பார்க்கலாம் என்ற அமைப்பை எப்படி மூடுவது என்பதைத்தான் சொல்கிறாள். வழிப்போக்கன் கட்டிய வீட்டை அவளால் அழிக்க முடியவில்லை. கட்டியவனால்தான் அழிக்க முடியும். அவள் அங்கே போவதில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்தது. தினமும் காலை எட்டே முக்கால் டவுன் பஸ். அம்மா நிறுத்தம்வரை வந்து, பஸ் கிளம்பும்வரை நிற்கிறாள். எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் சில நாட்களில் அரங்கநாதன் உட்கார்ந்திருப்பான். டீக்கடையில் டீ குடிக்கக்கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு, தலை குனிந்தே இருப்பான். இதுவரை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.