அண்ணனோடு கட்டிய உப்புப் பந்தயம்

துக்கத்துக்கு வந்த இடத்தில் "எப்படிப் போனாரு, எப்படிப் போனாரு" என்று என் காதருகே வந்து கேட்டீர்களே, உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? கேட்டுவிட்டுச் சும்மாவா இருப்பீர்கள்? குழாயடிக்குப் போவதற்குள் அதற்குக் கை கால் வைத்துவிடுவீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகன் எழுதுகிறான். என் பேச்சைத் திருத்தினாலும் திருத்து, திட்டை மட்டும் விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது முகத்துவாரக்குப்பத்தில். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு ராயபுரத்துக்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி என்னை வளர்த்தார். வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார். ஒரு நாள் பீடியை விட்டேன் என்றார், அதோடு சரி. அந்த நல்ல குணம்தான் பிறகு எங்களைப் படாத பாடு படுத்தியது.

முகமும் காலும் உப்பியபோது எதிர்வீட்டு அஞ்சலை, "இன்னாமா, உங்கண்ணாத்தே புது மாப்ள கணக்கா பூசினு கீறாரு!" என்றாள். பூசவில்லை, நீர் கோத்திருந்தது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். உப்பு கூடாது, மீனும் பருப்பும் கொஞ்சம்தான், சோறு வயிறாரச் சாப்பிட வேண்டும் என்றார். அண்ணனோ அதைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட விரதம் போல எடுத்துக்கொண்டார். உப்போடு மீன் நின்றது, பருப்பு நின்றது, கடைசியில் சோறும் நின்றது. வெறும் கஞ்சித் தண்ணீர்தான். "பத்தியம்னா பத்தியம்" என்பார்.

ஊசி போட்டு நீர் இறங்கிய பிறகுதான் பார்த்தோம். மூட்டை சுமந்த தோளில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வீக்கத்துக்குள்ளே ஆள் கரைந்தது ஒருவருக்கும் தெரியவில்லை.

"உப்பைத்தானே நிறுத்தச் சொன்னேன்? சோத்தை யாரு நிறுத்தச் சொன்னது? இப்படியே போனா வியாதிக்கு முன்னாடி பட்டினியே கொண்டுபோயிடும்" என்று டாக்டர் அண்ணியைக் கோபித்தார்.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்புக்கும் அவர் பாய்க்குமாக அலைந்தேன். சோற்றில் நெய்யும் சர்க்கரையும் பிசைந்து கொண்டுபோனால், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

"துன்னு அண்ணாத்தே."

"உப்பில்லாம மண்ணு மாரி கீது. நீ துன்னு பாப்பம்."

"துன்றேன். இந்த வூடே துன்னும்."

"நீயா? கருவாடு இல்லாம ஒரு வேளை இருப்பியா?"

"என் மூஞ்சி கோணிச்சுன்னா நீ கஞ்சியே குடி. கோணலன்னா சோறு துன்னணும். வாக்குக் குடு."

"சர்தான் போடி வாயாடி. குடுத்தேன்."

உப்பு ஜாடியைத் தூக்கி அஞ்சலை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். எல்லோரும் அண்ணனோடு உட்கார்ந்து அதே சோற்றைத் தின்றோம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கோணவில்லை. அவரும் வாக்குத் தவறவில்லை. தோளில் கொஞ்சம் சதை பிடித்தது. நோய் விடவில்லை, ஆனால் எங்கள் அண்ணன் பசியோடு போகவில்லை. இதைத்தானே கேட்டீர்கள்?

வீடு தேடி வந்து ஊசி போட்ட கம்பவுண்டருக்கும், நெய் கொடுத்தனுப்பிய கடைக்கார பாய்க்கும், ஆஸ்பத்திரிக்கு அலுக்காமல் ரிக்‌ஷா இழுத்தவருக்கும் எங்கள் கும்பிடு.

காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்தார்தான் சோறும் குழம்பும் கொண்டுவந்தார்கள். அண்ணி ஒரு வாய் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். நானும் எடுத்துவிட்டேன். ஜாடியைத் திருப்பிக் கொடுக்க வந்த அஞ்சலை, "இன்னாமா, கொயம்பு நல்லால்லியா?" என்றாள்.

"நல்லாத்தான் கீது. எங்க நாக்குக்குத்தான் கரிக்குது. ஜாடி உங்க வூட்லயே இருக்கட்டும், அஞ்சல. எங்கண்ணாத்தே இன்னும் என் மூஞ்சியவே பாத்துக்கினு கீறாரு."