மூன்றாம் முறைக்குக் காத்திராத எந்திரம்

மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய ராசாவில், என் வீட்டில் மகன் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்னோடு சதுரங்கம் ஆடுகிறது. ஆடட்டும். ஆனால் பாதிக் காய்கள் நிற்கும்போதே, யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் மூலையில் சமம் என்று சைபர் போட்டுவிடுகிறது. "என்னடா இது, ஒரே நிலை மூணு தடவ வந்தாத்தானே டிரா?" என்று எரிந்து விழுந்தேன். "ஆட்டத்துக்குத்தான் மூணுப்பா. இது முன்கூட்டியே ஓட்டிப் பாக்குதுலா. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கும். போற வழியில அதே நம்பர் ஒரு தடவ திரும்பி வந்தாலே, சுத்திச் சுத்தி இங்கதான் வருவோம்னு டிரா போட்டுட்டு வேற வழி தேடும்," என்றான். சிப்பாய் நகர்ந்தாலோ காய் வெட்டுப்பட்டாலோ, அதற்கு முந்தைய நிலைகளைத் திரும்பியே பார்க்காதாம். சிப்பாய் பின்னால் வராதே! அடப்பாவி எந்திரமே, உனக்கு நொடியில் தெரிவது எனக்குத் தெரிய ஒரு வருஷம் பிடித்தது.

வெள்ளைக்காரன் காலத்து மலாயாவில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் போட்டிருந்தபோது, பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிராணி; ஆபீஸில் கணக்கெழுதுபவன். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பருக்கைச் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த என் தம்பி முத்தையாவுக்கோ, மரக்காட்டு முனிக்குப் படையல் வைக்காமல் கத்தியைத் தொட மனம் வரவில்லை. முள்கம்பிக் கேட்டில் சோற்றுப் பொட்டலத்தைப் பிடித்த மலாய்க் கான்ஸ்டபிள், யாருக்கு என்று கேட்டார். "முனிக்குங்க. காட்டோரமா இருக்காரு. நம்மளக் காக்கறவரு," என்றான் பயல். விலங்கு மாட்டிவிட்டார்கள்.

அவனை இந்தியாவுக்கு நாடு கடத்தாமல் தடுக்க வேண்டும். தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையிடம் ஓடினேன். போலீஸ் கேட்டால் கடிதம் தருகிறேன் என்றார். சிரம்பான் போலீஸ் அதிகாரி, துரை கடிதம் தந்தால் பார்க்கலாம் என்றார். மறுபடி துரை, மறுபடி சிரம்பான்; தம்பி காவலில் இருக்க, இப்படியே ஒரு வருஷம். மனம் இளகுவார் என்று ஞாயிறுதோறும் பங்களாவில் துரையோடு சதுரங்கமும் ஆடினேன். ஒருநாள் தோற்கும் நிலையில், ராணியை அங்கும் இங்கும் நகர்த்தி அவர் ராஜாவுக்குச் செக் வைத்துக்கொண்டே இருந்தேன். துரை தோட்டத் தமிழில் சொல்லிச் சிரித்தார்: "போதும் கிராணி. இது டிரா. நீ வர்றே, நான் போறேன், நீ வர்றே. ஒண்ணும் மாறாது."

"தம்பி விஷயமும் அப்படித்தானுங்களா, தொரை?"

அவர் காய்களை மறுபடி அடுக்கினார். பலகையில் தெரிந்தது அந்த மனிதருக்கு ஆபீஸில் தெரியாமலா போயிருக்கும்? சில நாளில் முத்தையாவைக் கப்பலேற்றிவிட்டார்கள்.

ஊரில் இதைப் படிப்பவர்களே, உங்களிடம் வந்து சேர்ந்தவனை நீங்கள் மலாயாக்காரன் என்றே கூப்பிட்டீர்கள். சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. இங்கே என்னை இன்னும் ஊர்க்காரன் என்கிறார்கள். முள்கம்பி போய்விட்டது, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. முனி மட்டும் அதே மரத்தடியில் இருக்கிறார். ஆடிக்கு ஆடி தம்பி பெயரால் படையல் கொண்டுபோகிறேன். கேட் இருந்த இடம் வந்ததும் கால் நின்றுவிடுகிறது. சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்து, ஆளில்லாத ரோட்டுக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.