லாத்தாவின் கோழிகளும் என் வயிற்றெரிச்சலும்

எண்பத்து மூன்றோ நான்கோ, சரியாக நினைவில்லை. கல்யாணமாகி பம்பாய் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தாராவியில் தோல் பதனிடும் இடம் ஒன்றின் பின்னால் எங்கள் சால். வரிசையாக ஒற்றை அறை வீடுகள். அதில் கடைசி இரண்டு வீட்டுக்கு மட்டும் ஒரு யோகம் உண்டு. பின்கதவைத் திறந்தால் கட்டருக்கு, அதாவது சாக்கடைக்கு, முன்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு வெறுந்தரை கிடக்கும். அதில் ஒன்று எங்கள் வீடு, இன்னொன்று லாத்தா வீடு. நடுவில் எண்ணெய் டிரம்மை வெட்டித் தட்டிய தகரத்தால் ஒரு தடுப்பு.

லாத்தா என்றால் அக்கா. அவர்களும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம்தான். அவர் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே தோல்ஷாப்பில் வேலை. எனக்கு நான்கு கோழி, ஒரு சேவல். லாத்தாவுக்கு ஆறு கோழி, ஒரு சேவல். எண்ணிக்கையில் மட்டும் அவர் ஜெயித்திருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். முட்டையிலும் ஜெயித்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் சாலில் ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் நாட்டு முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தாக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் அப்படித்தான். கடையில் விற்கிற வெள்ளை முட்டையை யாரும் தொட மாட்டார்கள். எல்லோரும் லாத்தா வீட்டுக்குத்தான் போவார்கள். ஒருநாள் அங்கே தீர்ந்துபோய், ஒரு அம்மா என்னிடம் வந்தார். நான் பெருமையாக எடுத்துக் கொடுத்த முட்டை அவர் கையிலேயே பொலபொலவென்று உடைந்து வழிந்தது. என் கோழிகள் இடுவதெல்லாம் அப்படித்தான், ஓடு காகிதம் போல இருக்கும். சில நாள் ஓடே இல்லாமல் தோல்முட்டையாகவும் விழும். “பரவால்ல தாயி, நாளைக்கு லாத்தாகிட்டயே வாங்கிக்கிடுதேன்” என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. தகரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. அதில் கண்ணை வைத்து லாத்தா கோழிக்கு என்ன போடுகிறார் என்று பார்ப்பேன். நொய், காய்கறித் தோல், மீன் தலை. நானும் அதைத்தான் போட்டேன். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் அவர் ஒரு கோணிப்பைக்குள் கையை விட்டு, வெள்ளையாக எதையோ அள்ளி இறைப்பார். கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கொத்தும்.

வெள்ளையாக, கரகரவென்று. எனக்கு உடனே புரிந்துவிட்டதாக நினைத்தேன். தோல்ஷாப்புக்கு வருகிற ஆட்டுத்தோல் எல்லாம் கெட்டுப்போகாமல் இருக்கக் கல்லுப்புப் போட்டுத்தான் வரும். ஊறப்போடும் முன் அதை உதறுவார்கள். லாத்தா வீட்டுக்காரருக்கு அந்த உதறுகிற வேலைதான். சாயங்காலம் கால் முட்டிவரை உப்புப் பூத்துத்தான் வீட்டுக்கு வருவார். ஊரில் மாட்டுக்கு உப்பு வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். கோழிக்கும் அதுதான் ரகசியம் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

“தோல்ஷாப்புல உதறுத உப்பு கொஞ்சம் கொண்டாங்க” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“அது எதுக்கு? ஒரே நாத்தமாலா இருக்கும்.”

“கட்டர் பக்கம் புழுவா நெளியுது, தூவணும்” என்று பொய் சொன்னேன். இரண்டு நாளில் ஒரு பொட்டலம் வந்தது. சாம்பல் நிறத்தில், ஆட்டு மயிர் ஒட்டிய உப்பு.

முதல் நாள் ஒரு சிட்டிகை போட்டேன். ஒன்றும் ஆகவில்லை, முட்டையும் மாறவில்லை. மறுநாள் காலையில் ஆத்திரம் பொறுக்காமல் இரண்டு கை நிறைய அள்ளி, நொய்க்கஞ்சியில் பிசைந்து வைத்தேன். பசியில் இருந்ததுகள், வழித்துத் தின்றன. மத்தியானம் பார்க்கிறேன், எல்லாம் தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி நிற்கின்றன. ஊற்ற ஊற்றக் குடிக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கால் பின்னி விழுந்தன. வெயில் சாயும் முன் ஐந்தும் போய்விட்டது. அதில் ஒரு சிவப்புக் கோழி, நான் சமைக்கும்போது உள்ளே வந்து அரிசி டப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அழுதது நிஜம். ஆனால் அழுகையோடு அழுகையாக நான் செய்ததுதான் இன்றும் என்னைக் குத்துகிறது. உப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளுக்குள் எழுந்ததுமே அதை அமுக்கிவிட்டு, முன்வாசலில் வந்து நின்று கத்தினேன்.

“எவளோ வெசம் வச்சுட்டா. யாருன்னு எனக்குத் தெரியும்.”

சொல்லிக்கொண்டே லாத்தா வீட்டுக் கதவைப் பார்த்தேன். குழாயடியில் நின்ற எல்லோரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள். எதிர் வீட்டு மராத்திக்கார அம்மா “க்யா ஹுவா?” என்று இந்தியில் என்னவென்று கேட்டபடி ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் என் பின்பக்கம் முழுக்கக் கூட்டம்.

லாத்தா ஈரக்கையோடு வந்தார். செத்த கோழி ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கினார். அதன் அலகிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. குனிந்து தீனிச்சட்டியைப் பார்த்தார். அடியில் கரையாத உப்பும் இரண்டு கறுப்பு ஆட்டு மயிரும் கிடந்தன. தோல்ஷாப்புக்காரர் பெண்டாட்டிக்கு அது என்னவென்று சொல்லவா வேண்டும்? நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கட்டர்த் தண்ணியக் குடிச்சிருக்கும். ரெண்டு நாளா அடைச்சுப் பொங்குதுல்லா” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “போங்க, அவுகவுகளுக்கு வேல கெடக்கும்.” சொல்லிவிட்டு அந்தச் சட்டியைத் தன் கையாலேயே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ எரிச்சல். முட்டையிலும் அவர்தான் மேல், நல்ல குணத்திலும் அவர்தான் மேலா? பத்துப் பதினைந்து நாள் அவர் முகத்தில் விழிக்காமல் ஓடி ஒளிந்தேன். காய் நறுக்கினால் கை தானாகத் தோலைத் தனியே ஒதுக்கும். இனி யாருக்கு என்று நினைத்ததும் கட்டரில் வீசுவேன். சரியாக அந்த நேரம் பார்த்து லாத்தா வீட்டுக் கோழி முட்டையிட்டுக் கொக்கரிக்கும். அந்தச் சத்தம் என்னைப் போட்டுப் பொசுக்கியது.

ஒருநாள் காலை அந்தச் சத்தம் கேட்டபோது மீதி உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். ஆமாம், அதற்குத்தான். தகரத்துக்கு மேல் கையை நீட்டிக் கொட்டினால் போதும். அதற்குமுன் ஆள் இருக்கிறதா என்று ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

லாத்தா மணைப்பலகையில் உட்கார்ந்து எதையோ இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தக் கோணிப்பை சாய்ந்து கிடந்தது. அதிலிருந்து சரிந்து கிடந்ததெல்லாம் கடல் சிப்பி. நான் உப்பு என்று நினைத்தது சிப்பித்தூள்.

“ஏட்டி” என்றார் லாத்தா, தலையைத் தூக்காமலே. “எத்தன நாளைக்குத்தான் அந்த ஓட்டையில நின்னு பாப்ப? கண்ணு வலிக்கப் போவுது. சுத்தி வா.”

எத்தனை நாளாக அவருக்குத் தெரியும் என்று கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். “மாஹிம் கடக்கரையில மீன்காரிங்க சும்மாவே அள்ளிக் குடுப்பாளுவ. இடிச்சுப் போட்டாத்தான் முட்டை ஓடு கெட்டியா நிக்கும். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேனே” என்றார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார். “அதென்ன?”

பொய் சொல்ல எனக்கு எத்தனையோ வழி இருந்தது. ஆனால் வாயிலிருந்து உண்மைதான் வந்தது. “உப்பு. ஒங்க கோழிக்குத்தான் கொண்டாந்தேன் லாத்தா.”

இடிப்பது நின்றது. லாத்தா முகத்தில் நான் அதுவரை பார்க்காத கோபத்தைப் பார்த்தேன். எழுந்து போய்ச் சேவலையும் ஆறு கோழியையும் கூட்டில் அடைத்துக் கொக்கியைப் போட்டார். “வீட்டுக்குப் போ” என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் குழாயடியில் நேருக்கு நேர் வந்தாலும் பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் இருக்கும். பின்கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் லாத்தா நிற்கிறார். ஒரு கையில் முட்டைகள் வைத்த கூடை, மறு கக்கத்தில் கருங்கோழி. அவரிடம் இருந்ததிலேயே நல்ல கோழி அது.

“அடையில இருக்கு. எங்கிட்டக் கெடந்தா மத்ததெல்லாம் மிதிச்சு ஒடைச்சிருது” என்றார். “ஒங்கூடு சும்மாத்தான கெடக்கு. இங்கயே இருக்கட்டும். குஞ்சு பொரிச்சா ஒனக்குப் பாதி.”

அவரே கூட்டுக்குள் வைக்கோலைப் பரப்பி முட்டைகளை அடுக்கி, கோழியை உட்கார்த்தினார். “தண்ணி மட்டும் பாத்து வையி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

இருபத்தோரு நாளும் நான் வீட்டை விட்டு அசையவில்லை. என் பிள்ளைக்குக்கூட பின்னாளில் அப்படிக் காவல் இருந்ததில்லை. லாத்தா ஒருமுறைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. குஞ்சு பொரித்த அன்று நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

முட்டைக்காகப் பட்ட பொறாமை அந்த இருபத்தோரு நாளில் போன இடம் தெரியவில்லை. ஆனால் தன் கோழிகளைக் கொல்ல உப்போடு வந்தவளின் கூட்டிலேயே தன் நல்ல கோழியை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாரே, அந்த மனசைப் பார்த்து எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.