சங்கத்துக்கு ஆகாத பால்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில், மீனாட்சிபுரத்தில் என் அண்ணன் வீட்டில் நடந்தது இது. பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் எங்கள் பக்கம் மாடு இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பாலிலேயே வளர்ந்த என்னை, கணவரின் வேலை ஸ்வீடனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

அங்கே குளிர்கூடப் பழகிவிட்டது, காப்பிதான் பழகவில்லை. கொழுப்பு எடுத்தது, பாதி எடுத்தது, ஓட்ஸில் பிழிந்தது என்று கடையில் ஒரு சுவர் முழுக்கப் பால் அடுக்கி வைத்திருப்பார்கள். போன புதிதில் ஒரு பெட்டியை ஆசையாக வாங்கி வந்து டீயில் ஊற்றினேன். ஊற்றியதுதான் தாமதம், திரிதிரியாகப் போய்விட்டது. அது அவர்கள் ஊர்த் தயிராம்! என் கணவர் அன்று சிரித்த சிரிப்புக்கு அந்தப் பெட்டியாலேயே அவரை ஒரு போடு போடலாம் போல இருந்தது. பிறகு தேடிப் பிடித்து நல்ல பாலாகவே வாங்கினாலும், காய்ச்சினால் பேருக்குக்கூட ஆடை படியாது. ஆடை படியாத பாலில் போட்டதைக் காப்பி என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அண்ணியிடம் போனில் பேசும்போதெல்லாம் இதே புலம்பல்தான். "நீ வா கண்ணு, கள்ளிச்சொட்டாட்டம் கெட்டியா காப்பி போட்டுத் தர்றேன்" என்று அவரும் சலிக்காமல் சொல்வார்.

இடையில் அங்கே ஒரு பல்வலி வந்து, பென்சிலின் மாத்திரை போட்டதில் எனக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கிவிட்டது. இனி வாழ்நாளில் அந்த மருந்தைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். அண்ணன், அண்ணி இருவருக்கும் இது தெரியும். மாத்திரைதானே, தொடாமல் இருந்தால் போயிற்று என்று நானும் அதோடு விட்டுவிட்டேன்.

லீவுக்கு ஊருக்கு வந்த மறுநாள் காலை. அண்ணன் பால் கேனை வண்டியில் வைத்துச் சங்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் சங்கம் என்றால் பால் சங்கம்தான். சமையலறையில் ஒரு போசி நிறையப் பால் தனியாக இருந்ததைப் பார்த்தேன்.

"அண்ணி, இது சங்கத்துக்குப் போறதில்லீங்களா?"

"இல்ல கண்ணு, அது கருப்பு மாட்டுப் பால். நம்ம ஊட்டுக்குத்தான்."

எனக்குப் பரம சந்தோஷம். எங்கள் அம்மா காலத்தில், கறந்ததில் நல்லதாக ஒரு செம்பு வீட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியை ஊற்ற அனுப்புவார். அந்த வழக்கம் இன்னும் இருக்கிறதே என்று பூரித்துப் போய், "அப்படின்னா எனக்கு அதுலயே போடுங்க. தண்ணி ஒரு சொட்டுச் சேர்க்கக் கூடாதுங்க" என்று அதிகாரம் வேறு செய்தேன்.

அண்ணி போட்ட காப்பியை என்னவென்று சொல்ல! மேலே மஞ்சளாக ஆடை திரண்டிருந்தது. முதல் டம்ளரை ருசித்துக் குடித்துவிட்டு, வெட்கமே இல்லாமல் இரண்டாவது கேட்டு வாங்கினேன்.

அது பாதி ஆவதற்குள் உதடு அரிக்கத் தொடங்கியது. சொறிந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அரித்தது. கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தவர், "ஐயோ, என்ன கண்ணு மூஞ்சி இப்புடி வீங்குது!" என்று கத்திவிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தொண்டைக்குள் யாரோ துணியைத் திணித்த மாதிரி இருந்தது. இழுத்தால் மூச்சு பாதியில் நின்றது. செத்துவிடுவேன் என்று நிஜமாகவே நினைத்தேன்.

சங்கத்திலிருந்து திரும்பிய அண்ணன் காலிக் கேனை வாசலிலேயே போட்டுவிட்டுக் காரை எடுத்தார். பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, தொடையில் ஊசியைக் குத்தி, மூக்கில் ஆக்சிஜனை மாட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டை திறந்தது. காற்று உள்ளே போனபோது கண்ணில் தண்ணீர் கொட்டியது.

நான் ஓரளவு தெளிந்த பிறகு விசாரணை நடந்தது. எனக்குப் பென்சிலின் ஆகாது என்பதை அண்ணன் முதலிலேயே சொல்லியிருந்தார். அப்படி ஏதாவது மாத்திரை, மருந்து சாப்பிட்டாளா என்று டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார்.

"மருந்தெல்லாம் ஒண்ணுமே இல்லீங். காத்தால எந்திரிச்சு ரெண்டு டம்ளர் காப்பி, அவ்வளவுதானுங்" என்றார் அண்ணி.

பால் எங்கே வாங்கியது என்றார் டாக்டரம்மா. எங்கள் மாட்டுப் பால்தான் என்று சொல்ல வந்த அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் முகம் வெளிறியதை நான் படுக்கையிலிருந்தே பார்த்தேன்.

"அந்த மாட்டுக்கு மடிவீக்கம்ங்க. காம்புல மருந்து ஏத்திட்டு இருக்கறோம். மருந்து முறியற வரைக்கும் பாலைச் சங்கத்துக்கு ஊத்தக் கூடாதுன்னு மாட்டு டாக்டர் சொன்னாருங்க. அதனாலதான் ஊட்டுல வெச்சுக்கிட்டோம்."

மடிவீக்கத்துக்கு ஏற்றும் மருந்துகள் பலவற்றில் பென்சிலின் உண்டு என்றும், அது பாலில் இறங்கும் என்றும், காய்ச்சினாலும் போகாது, அதனால் யாருமே அதைக் குடிக்கக் கூடாது என்றும் டாக்டரம்மா சொன்னார். நான் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லதென்று வீட்டுக்கு எடுத்து வைத்த பால் என்றல்லவா நான் நினைத்தேன்! ஊராருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒதுக்கிய பாலைத்தான் நான் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"பாவி, என்ற கையால குடுத்துப்போட்டனே" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கோபம் வரவில்லை எனக்கு. அவர்கள் நினைத்திருந்தால் அந்தப் பாலைச் சத்தமில்லாமல் கேனோடு கலந்திருக்கலாம். நாலு பேர் குடிக்கிற பால், பாவம் நமக்கு வேண்டாம் என்று நேர்மையாக ஒதுக்கி வைத்தவர்கள்.

"நீங்களும் அதையேதானுங்களா குடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. புள்ளைகளுக்கும் அதுலதான் ஆத்திக் குடுத்தேன். எப்ப மாட்டுக்கு மருந்து ஏத்துனாலும் அப்புடித்தான். சங்கத்துக்குத்தான் ஆகாது, ஊட்டுக்குத்தானேன்னு..."

மூச்சு நின்றபோது பயந்ததைவிட இதைக் கேட்டபோதுதான் நான் அதிகம் ஆடிப்போனேன். எத்தனை வருடங்கள்! முகம் தெரியாதவர்கள் குடிக்கக் கூடாது என்று அத்தனை கவனமாக இருந்தவர், தன் பிள்ளைகளின் டம்ளரில் அதை ஊற்றும்போது ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நானும் அந்த ஊரிலேயே இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை கருப்பு மாட்டைக் கறந்து, அண்ணி தானே குழி வெட்டி அந்தப் பாலைக் கொட்டி மூடினார். பாலை மண்ணில் ஊற்ற அவருக்கு மனசே வரவில்லை. ஆனாலும் கொட்டி முடிக்கும்வரை பிள்ளைகளைப் பக்கத்தில் அண்ட விடவில்லை. எனக்கு அன்றைக்கு வெறும் சுக்குத் தண்ணீர்தான்.

இப்போதும் எங்கேயாவது, யாராவது ஒரு தாய் "நமக்குத்தானே, பரவாயில்லை" என்று சொல்லி எதையாவது எடுத்து வைப்பதைக் கேட்டால் எனக்குப் பகீரென்கிறது. ஊருக்கு ஆகாதது நம் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும் என்று வாய்விட்டுக் கேட்காமல் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடிவதில்லை.