இடது பக்கம் கிட்டார் இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு என் மகள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றாமலே, "அப்பா, இந்தப் புது மிக்ஸ்ல இடது பக்கம் கிட்டாரே இல்லப்பா. எடுத்துட்டாங்க போல," என்றாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஏன் பெருமை என்பதற்கு எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கேட்பது புரோகிரசிவ் ராக், ஜாஸ் ஃப்யூஷன் என்று சொல்லப்படும் இசை. ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். அதில் யாராவது வாய் திறந்து பாடுவது இரண்டு நிமிடம் இருந்தால் அதிகம். தாளம் ஏழில் தொடங்கி ஒன்பதுக்குப் போய் எங்கெங்கோ சுற்றி வரும். கல்லூரி விடுதியில் தொற்றிக்கொண்ட பழக்கம், ஐம்பது வயதிலும் விடவில்லை. என் மனைவிக்கு அது வெறும் இரைச்சல். நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் தேடித் தேடிப் பத்துப் பேருக்கும் குறைவாகவே சேர்ந்தோம். செல்போனில் ஒரு குழு வைத்துக்கொண்டோம்.

நாங்கள் நேரில் கூடுவது மாதாந்தரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில். செல்லூரில் எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. மற்ற நாளில் ஸ்பீக்கரில் எதைப் போட்டாலும் தறிச் சத்தம் விழுங்கிவிடும். கரண்ட் போனதும் தெருவே வாயடைத்துப் போகும். மற்றவர்கள் கரண்டைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், நாலைந்து பேர் என் வீட்டுக் கூடத்தில் பேட்டரி ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். பதினான்கு வயதில் என் மகளும் வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே எனக்குத் துணை கிடைத்தது. இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதை அப்படியே குழுவில் போட்டேன். பழைய இசைத்தட்டைப் புதிதாகக் கலந்து வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வாரத்துக்கு வேலை இருக்கும். எது கூடியது, எது குறைந்தது என்று சண்டை போடுவோம். பக்கத்துத் தெருவில் தறி வைத்திருக்கும் நண்பர் உடனே குரலில் பதில் அனுப்பினார். "பாப்பா காதுக்குத் தப்புமா மாப்ள? நானும் போட்டுப் பாத்தேன். அமுக்கித்தான் வச்சிருக்காய்ங்க." சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கிட்டாரு அங்கனயேதான் இருக்கு. முதல்ல அந்த ஹெட்போனைத் தூக்கிக் கெடாசுங்க." ராத்திரிச் சாப்பாடு வரை சண்டை ஓடியது. நானும் ஒரு முறை போட்டுக் கேட்டேன். எனக்கும் கிட்டார் கொஞ்சம் குறைந்தது போலத்தான் கேட்டது. மகள் சொன்ன பிறகு எனக்கு வேறு எப்படிக் கேட்கும்?

மறுநாள் சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி தன் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக அலங்காநல்லூரில் இருந்தாள். மகளுக்குப் போன் செய்தாள். மகள் வலது கையில் தோசைக் கரண்டியோடு, போனை இடது காதில் வைத்து, "ஹலோ, ஹலோ, கேக்கலம்மா," என்று வைத்துவிட்டாள். அடுத்த நிமிடம் என் போன் அடித்தது.

"என்னங்க, தொண்டை கிழியக் கத்துறேன், கேக்கலைன்னு வச்சுட்டா. அங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? பாட்டா?"

என் போனை மகளிடம் கொடுத்தேன். அதையும் இடது காதில்தான் வைத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வலது காதுக்கு மாற்றினாள். "ஆங், இப்பக் கேக்குதும்மா."

நான் அவள் இடது பக்கம் போய் நின்று, காதுக்குப் பக்கத்தில் விரல்களைத் தேய்த்தேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"கேக்குதா?"

"என்ன கேக்கணும்?"

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததிலிருந்து காது அடைத்த மாதிரி இருந்ததாம். தண்ணீர் போயிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்திருக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன்.

காது மருத்துவர் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வலது காதுக்குக் கை டக்டக்கென்று உயர்ந்தது. இடது காதுக்கு வந்ததும் அவள் மடியிலிருந்த கை அசையவில்லை. கேட்டுவிட வேண்டுமே என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

"எப்பயிருந்து இப்படி?" என்று மருத்துவர் கேட்டார்.

போனைத் திறந்தேன். குழுவில் நான் பீற்றிக்கொண்டிருந்ததற்குப் பக்கத்தில் நேரம் இருந்தது. அவரிடம் அதைப் படித்துச் சொன்னேன். காது நரம்பு சிலருக்கு இப்படித் திடீரென்று அடங்கிவிடும், காரணம் பல சமயம் தெரியாது, எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றார். பாட்டுக் கேட்டதால் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். வெளியே வரும்போது திரும்பப் போய் மறுபடியும் கேட்டேன். "இல்லைங்க," என்றார் பொறுமையாக. நேற்றே வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை.

மாத்திரைகள் கொடுத்தார்கள். பிறகு செவிப்பறை வழியாகக் காதுக்குள் ஊசி. ஊசி போட்ட பிறகு தலையைச் சாய்த்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். மனைவி ஊரிலிருந்து வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குழுவில் விஷயத்தை எழுதினேன். அநேகமாக எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் ஒரு பாட்டுக்கூடப் போடவில்லை. என் வீட்டை நினைத்துத்தான் அமைதியாக இருந்தார்கள் என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு நாளும் போனைத் திறந்து அந்தக் காலி இடத்தைப் பார்ப்பது, எல்லோரும் எழுந்து போன கல்யாண மண்டபத்தில் நிற்பது போல இருந்தது. சோழவந்தான் அண்ணன் கைகூப்பும் படம்கூடப் போடவில்லை. எனக்கு அது வலித்தது.

மகள் ஹெட்போனை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். நானும் எதையும் போடவில்லை. ஒற்றைக் காதால் கேட்பவர்களுக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. பின்னால் ஹாரன் அடித்தால் அவள் தப்பான பக்கம் திரும்பினாள். அதனால் தெருவில் எப்போதும் அவளுக்கு இடது பக்கமாக நடந்தேன். "காலேஜுக்குள்ளயும் வருவீங்களாப்பா?" என்று ஒரு நாள் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாதக் கரண்ட் நிறுத்தம் வந்தது. யாரும் வர வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. கூடத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஒரு குழாயடியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. அத்தனை வருடம் அந்த அமைதிக்காகக் காத்திருந்தவன், அதை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றாள்.

"கரண்ட் போயிருச்சா?"

"ஆமாம்மா."

"எனக்கு மட்டும் தறி ஓடிக்கிட்டே இருக்குப்பா," என்று இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

காதுக்குள் அந்த இரைச்சல் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தெரிந்துதான் இருந்தது.

போன வாரம் வியாழக்கிழமை கடைசிச் சோதனை. கனத்த ஒலிகள் ஓரளவு திரும்பியிருந்தன. மெல்லிய, உயர்ந்த ஒலிகள் வரவில்லை. வந்தது வந்ததுதான், இனிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து மூவரும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இனி இந்த வீட்டில் நான் தனியாகத்தான் கேட்க வேண்டும், கேட்டால் அவளுக்குச் செய்யும் துரோகம் போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஒரு பைக் நின்றது. சோழவந்தான் அண்ணன். கையில் வாழைமட்டையில் கட்டிய வெற்றிலை. அதை என் மனைவியிடம் நீட்டிவிட்டு, "வாங்க" என்று நான் எழுந்ததைக்கூடப் பார்க்காமல் நேராக மகளுக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்து ஏதோ சொன்னார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொன்னார். அப்புறம்தான் அவர் அங்கே இருப்பதைப் பார்த்தாள்.

"பெரியப்பா, அந்தப் பக்கம் பேசுனாக் கேக்காது."

அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு சுற்றிப் போய் வலது பக்கம் உட்கார்ந்தார்.

"இம்புட்டுத்தானா? என்னத்தைப் பேசுறதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாளா வரலை, தாயி. சரி, ஒரு பாட்டுப் போடு. உங்கப்பன் போடுறது வேணாம், நீ போடு."

"தறி ஓடுது பெரியப்பா. எனக்கும் பாதிதான் கேக்கும்."

"கேக்குற வரைக்கும் கேப்போம். போடு."